உட்சுனோமியாவில் பிறந்த நானூறு

பின்மூடியைக் கழற்றி, மவுன்ட்டுக்குள் தெரியும் கறுப்பு வளையத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால், பொடி எழுத்தில் ஒரு குறி கண்ணில் படும். யு, டி, 08, அதன்பின் இன்னும் இரண்டு எண்கள். யு என்பது உட்சுனோமியா. டோக்கியோவுக்கு வடக்கே, கேனான் நிறுவனம் லென்ஸ் செய்யும் ஊர். டி என்பது 2005-ஆம் ஆண்டு. 1986-க்கு ஏ என்று வைத்து, ஆண்டுக்கு ஓர் எழுத்தாக நகர்த்திக்கொண்டு வந்த கணக்கு அது. 08 என்றால் ஆகஸ்ட். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் என் வீட்டு அலமாரியில், காற்றுப் புகாத டப்பாவுக்குள் இருக்கும் இந்த லென்ஸின் பிறப்புச் சான்று அவ்வளவுதான்.

இதன் முழுப்பெயர் கேனான் ஈ.எஃப். 400 எம்.எம். எஃப்/5.6 எல் யு.எஸ்.எம். பறவைப் படம் எடுப்பவர்களிடம் 'நானூறு அஞ்சு புள்ளி ஆறு' என்றால் புரிந்துகொள்வார்கள். என் சித்தப்பா வெறுமனே 'நானூறு' என்பார். இந்த வகை 1993-இல் விற்பனைக்கு வந்தது. எடை 1,250 கிராம். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. வெயிலில் சூடேறாமல் இருக்க உடம்பெல்லாம் வெள்ளைப் பூச்சு, முன்னால் ஒரு சிவப்பு வளையம். ஜூம் கிடையாது. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கிடையாது. கேனான் அதை லென்ஸில் கொண்டுவந்ததே 1995-இல்தான். இத்தனை இல்லாமைகளோடு பிறந்த ஒன்று, பறக்கும் பறவைகளைப் படமெடுப்பவர்களிடையே எப்படி இவ்வளவு பேர் வாங்கியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பறவைப் படத்துக்குக் கருவி தேடி அலையும் இளைஞர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். அவர்கள் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இந்த லென்ஸ் கடந்துவந்த வழியைத் தெரிந்துகொள்வது நல்லது.

பறக்கும் பறவையைப் படத்தில் நிறுத்தும் ஆசை இந்த லென்ஸைவிட நூறு வயது மூத்தது. 1882-இல் பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் எத்தியன் ஜூல் மாரே துப்பாக்கி வடிவத்தில் ஒரு காமிரா செய்தார். தோளில் அண்டக் கொடுத்து, குறி பார்த்து, விசையை இழுத்தால் நொடிக்கு 12 படம் விழும். ஒவ்வொரு படத்துக்கும் 1/720 நொடி. சிறகு கீழே இறங்கும்போது என்ன செய்கிறது, மேலே ஏறும்போது எப்படி மடங்குகிறது என்பது மாரேவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பறவையைத் துரத்த வேண்டுமானால் கருவி தோளோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டுகொண்டார். இந்த ஓர் உண்மையை மறந்துவிட்டுத்தான் இன்று பலர் நான்கு கிலோ லென்ஸுக்குக் கடன் வாங்குகிறார்கள்.

1891-இல் இங்கிலாந்தின் டால்மேயர் உள்ளிட்ட சிலர், ஏறத்தாழ ஒரே நேரத்தில், டெலிஃபோட்டோ என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். முன்னால் குவிக்கும் கண்ணாடி, பின்னால் விரிக்கும் கண்ணாடி. இரண்டும் சேரும்போது, குழாய் குட்டையாக இருந்தாலும் தூரத்துப் பொருள் பெரிதாக விழும். என் லென்ஸின் குவியத் தூரம் 400 மில்லிமீட்டர்; குழாயின் நீளமோ 256.5 மில்லிமீட்டர்தான். அந்தக் கண்டுபிடிப்பு இல்லாவிட்டால் இதைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையில் நடப்பது பெரும்பாடு.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் முன்னோர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் இயற்கையைப் பற்றி எழுதியவர், கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர். அவருக்குப் பிடித்த காமிரா எந்தக் கடையிலும் கிடைக்காது. உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற பாகங்கள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் தன் கையாலேயே பொருத்தி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். காட்டுயிர் எழுத்தாளர் ஈ. பி. ஜீ 1964-இல் வெளியிட்ட தன் நூலில் இந்தக் காமிராவை வியந்து எழுதியிருக்கிறார். நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: எந்த விலங்கை, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்கேற்பக் கருவியைக் கட்டினார் கிருஷ்ணன். அதிகமாகக் காட்டிலும் யானைகளுக்கிடையிலும் நின்றவர் அவர். நம் வேலை திறந்த வானத்தில், ஏரிக்கு மேலே. அதனால் நம் கணக்கு வேறு.

கணக்கு என்றேன். ஒரு நொடி அதைப் போட்டுப் பார்த்துவிடலாம். 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் 71 மில்லிமீட்டர். லென்ஸின் முன்கண்ணாடி குறைந்தது அத்தனை அகலம் இருக்க வேண்டும். எஃப்/2.8 கேட்டால் அது 143 மில்லிமீட்டர் ஆகிவிடும். அகலம் இரண்டு மடங்கானால் கண்ணாடியின் பரப்பு நான்கு மடங்கு, தடிமனும் கூடும், அதைத் தாங்கும் உலோகமும் கூடும். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் கேனானின் 400 எஃப்/2.8 வகையில் இரண்டாம் பதிப்பு 3,850 கிராம். அதற்கு முந்தைய சில பதிப்புகள் ஐந்து கிலோவையும் தாண்டின. வெளிச்சம் நான்கு மடங்கு கிடைக்கிறது, உண்மைதான். அடர்ந்த சோலைக்குள் மரங்கொத்தியை எடுப்பவருக்கு அது வரம். காலை ஏழரை மணிக்கு மேல் அரியலூர் மாவட்டத்து வெட்டவெளியில் வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்?

1993-இல் இந்த லென்ஸைச் செய்தவர்கள் வேறொரு சிக்கலையும் தீர்க்க வேண்டியிருந்தது. நீளமான லென்ஸ்களில் சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியில் சேராமல், வெள்ளைப் பறவையின் ஓரத்தில் ஊதா நிறக் கசிவு தெரியும். ஃபுளோரைட் என்னும் கால்சியம் ஃபுளோரைடு படிகம் அதைக் கட்டுப்படுத்தும். கேனான் அந்தப் படிகத்தைச் செயற்கையாக வளர்த்து 1969-இலேயே லென்ஸில் வைத்துவிட்டது. ஆனால் விலை எக்கச்சக்கம். அதற்கு மாற்றாக உருவாக்கிய சூப்பர் யு.டி. கண்ணாடி முதன்முதலாக இடம்பெற்றது இந்த நானூறில்தான். மொத்தமே ஏழு கண்ணாடிகள். அவற்றில் ஒன்று அது. கொக்கின் சிறகு விளிம்பு இன்றும் கசிவில்லாமல் வெள்ளையாக விழுவதற்கு அதுவே காரணம். சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கால்சியம் புதிதில்லை. கடல் இங்கே கிடந்த காலத்துச் சிப்பிகளைத் தோண்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. அதே தனிமம் இன்னொரு வடிவத்தில் பறவையின் நிறத்தைக் காப்பாற்றப் போராடியது என்று படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

உட்சுனோமியாவிலிருந்து இந்த லென்ஸ் முதலில் போன இடம் சிங்கப்பூர். என் சித்தப்பா அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குப் போய் உள்ளான்களைப் பார்ப்பது அவர் பழக்கம். சேர்த்த பணத்தில் நானூறை வாங்கி, கேனான் 20டி என்ற பாடியில் பொருத்திக்கொண்டார். 82 லட்சம் பிக்ஸல், நொடிக்கு ஐந்து படம், ஃபோகஸுக்கு ஒன்பதே புள்ளி. நடுப்புள்ளியைத் தவிர மற்றவற்றை அவர் நம்பவே மாட்டார். சிங்கப்பூர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும் என்பதால், ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் மின்சார உலர்பெட்டிக்குள்ளேயே அது வாழ்ந்தது. வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய சித்தப்பாவின் கைப்பையில், துண்டில் சுற்றிய நிலையில் நானூறு வந்து சேர்ந்தது.

அவரிடம் நான் முதன்முதலாக அதைக் கேட்டபோது, "எடுத்துக்கிட்டுப் போ" என்று சொல்லிவிடவில்லை.

"தூக்கிப் பாருடா. கண்ணுல வெச்சு, அந்தத் தென்னமர உச்சியைப் பாரு. நான் சொல்ற வரைக்கும் இறக்காத."

தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் முழங்கை விலாவைத் தேடியது.

"கை நடுங்குதா? சித்தப்பா கேக்குறேன்ல?"

"லேசா."

"லேசான்னா சரி. இதைவிட வெயிட்டு எதையும் வாங்கிடாத. பறவை வர்ற நேரத்துல நீ கையைத் தொங்கப்போட்டு நிப்பே."

கடைகளில் லென்ஸ் வாங்கும்போது யாரும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. கண்ணாடி மேசைமேல் வைத்துத் திருப்பிப் பார்க்கிறோம், ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். பாடியோடு சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு காக்கை கடையின் முன்னால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் வரை அதைத் தொடர்ந்து பார்த்தால், அந்த லென்ஸ் உங்களுடையதா இல்லையா என்பது தெரிந்துவிடும். நிக்கானின் 200-500 இரண்டு கிலோ முந்நூறு கிராம். சோனியின் 200-600 இரண்டு கிலோவுக்கு மேல். டாம்ரானின் 150-600 கிட்டத்தட்ட அதே எடை. மூன்றும் நல்ல லென்ஸ்கள், கிளையில் உட்கார்ந்த பறவைக்கு அருமையானவை. காலை முழுக்க வானத்தைத் துழாவப் போகிறவர் தன் தோளைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

ரெட்டிபாளையம் வந்தபின் நானூறுக்கு வேறு எதிரிகள் முளைத்தார்கள். இங்கே தூசுதான் முதல் எதிரி. ஆலைக்கும் சுரங்கத்துக்குமாக லாரிகள் ஓடும் சாலையோரத்தில் எருக்கஞ்செடியின் இலைகூட வெளுத்திருக்கும். 1998-இல் கேனான் வெளியிட்ட 100-400 ஜூம், முன்பக்கத்தை இழுத்தும் தள்ளியும் இயக்கும் வகை. நீளம் மாறும்போதெல்லாம் அது காற்றை உள்ளிழுத்து வெளிவிடும். எங்கள் ஊர்க் காற்றை உள்ளிழுக்கும் எதுவும் நெடுநாள் சுத்தமாக இராது. நானூறின் நீளம் மாறுவதே இல்லை. ஃபோகஸ் செய்யும்போதும் உள்ளேயிருக்கும் கண்ணாடிதான் நகரும். மவுன்ட்டில் தூசுத்தடுப்பு ரப்பர் இல்லாத பழைய வடிவமைப்பு என்பதால், வெட்டவெளியில் பாடியைக் கழற்றுவதை மட்டும் நான் அறவே தவிர்க்கிறேன். முன்னால் இழுத்து நீட்டும் வெயில்மறைப்பு லென்ஸோடு ஒட்டியே இருக்கிறது. அதன் இடுக்கில் சேரும் வெள்ளைப் பொடியை வீட்டுக்கு வந்ததும் மென்தூரிகையால் தட்டிவிட வேண்டும். துணியால் தேய்த்தால் தூசு கண்ணாடியில் கீறல் போட்டுவிடலாம். உலர்பெட்டிக்குப் பதில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல். ஐப்பசி, கார்த்திகையில் அந்த ஜெல்லை அடிக்கடி வறுத்து ஈரத்தை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது எதிரி கானல். பத்து மணி தாண்டினால் தரை சூடேறி, மேலெழும் காற்று ஒளியை வளைக்கத் தொடங்குகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும், நூற்றைம்பது மீட்டர் தள்ளியிருக்கும் பறவை அதில் நீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். படம் மங்கினால் பலர் லென்ஸைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். 600, 800 என்று நீளத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்து பெரிதாகும். வெயில் ஏறுமுன் போய், ஏறியதும் திரும்பிவிடுவதே மருந்து.

நானூறின் வாழ்க்கையில் நல்ல காலம் கரைவெட்டியில்தான். அரியலூருக்குத் தெற்கே இருக்கும் இந்த ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயம் ஆனது. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. மேட்டூர்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நிரப்பியதும் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, மீசை ஆலா என்று வந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலான விருந்தாளி வரித்தலை வாத்து. நடு ஆசியாவின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைக் கடந்து வருகிறது. கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வில், இந்த வாத்துகள் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்தது பதிவாகியிருக்கிறது. பகலில் தண்ணீரில் ஓய்வெடுக்கும், அந்தியில் வயல்களுக்கு மேயப் போகும், விடியலில் திரும்பும். படம் வேண்டுமென்றால் அந்த விடியலுக்கு நாம் முன்கூட்டியே கரையில் இருக்க வேண்டும்.

காற்றையும் சூரியனையும் வைத்தே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பறவை எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். மார்கழியில் இங்கே காற்று வடகிழக்கிலிருந்து வீசும், காலைச் சூரியன் தென்கிழக்கில் இருக்கும். ஆக, ஏரியின் கிழக்குப் பக்கம் நின்றால் காற்றும் வெளிச்சமும் நம் முதுகில் படும். பறவை முகத்தைக் காட்டிக்கொண்டு நம்மை நோக்கி எழும்பும். மேற்குக் கரையில் பத்து லட்ச ரூபாய்க் கருவியோடு நிற்பவருக்கு வாலும் நிழலும்தான் வாய்க்கும்.

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் 3.5 மீட்டரிலிருந்து ஃபோகஸ் தேடும். மறுபக்கம் தள்ளினால் 8.5 மீட்டருக்கு அப்பால் மட்டும் தேடும். பறக்கும் பறவைக்கு இரண்டாவதுதான். இல்லாவிட்டால் பறவையைத் தவறவிட்ட நொடியில் ஃபோகஸ் காலடிப் புல் வரை ஓடி, திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 400 எம்.எம். காட்டும் வானம் ஆறு டிகிரிதான், சின்ன சென்சாரில் நாலு டிகிரிக்கும் குறைவு. அதற்குள் ஓர் ஆலாவைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. பறவையை வெறுங்கண்ணால் பிடித்து, பார்வையை நகர்த்தாமல் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். கூழைக்கடாவில் தொடங்குவது நல்லது. அது நிதானமாக மிதந்து வரும். பிறகு நாரை, பிறகு வாத்து. தகைவிலானை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஷட்டர் 1/2000, எஃப்/5.6 அல்லது 6.3, வெளிச்சத்துக்கேற்ப ஐ.எஸ்.ஓ. அந்த வேகத்தில் கை நடுக்கம் படத்தில் விழாது. 1993-இல் பிறந்த இதன் பெரிய குறை அங்கே தானாகவே மறைந்துவிடுகிறது. அப்படி எடுத்த ஒரு படத்தை நான் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு வரித்தலை வாத்து, சிறகு கீழிறங்கும் தருணம். வெள்ளைத் தலையின் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள், மேல்கோடு கண்ணிலிருந்து கண் வரை சுற்றிக்கொண்டு போகிறது. ஆரஞ்சு மஞ்சள் அலகின் நுனியில் கறுப்புப் பொட்டு. சிறகின் வெளி இறகுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, காற்றின் பாரத்தால் நுனி மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. மாரே தேடியது இந்த வளைவைத்தான்.

படத்துக்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுபவர்களைக் கரையில் பார்த்திருக்கிறேன். கை தட்டுவார்கள், கல்லைத் தண்ணீரில் போடுவார்கள். மாசி, பங்குனியில் அந்த வாத்துகள் வடக்கே திரும்புவதற்காக உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். காரணமில்லாமல் எழும்பும் ஒவ்வொரு முறையும் இமயத்தைக் கடப்பதற்கான எரிபொருளில் கொஞ்சம் கரைகிறது. எந்த லென்ஸை வாங்கினாலும் இந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தானாக எழும்பும் நேரம் வரை காத்திருப்பதற்குத்தான் கனம் குறைந்த லென்ஸ்.

20டி போய் 7டி வந்தது: 2009-இன் பாடி, நொடிக்கு எட்டுப் படம். அதன் பின் 2022-இல் வெளியான ஆர்7, கண்ணாடி மடங்கி எழாத மிரர்லெஸ் வகை. இடையில் 110 கிராம் அடாப்டர் ஒன்றைப் பொருத்தினால் நானூறு அதில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. ஆர்7 பறவையின் கண்ணைத் தானே கண்டுபிடித்துத் தொடர்கிறது. ஒன்பது புள்ளிகளில் ஒன்றை மட்டும் நம்பிய லென்ஸுக்கு இப்போது கிட்டத்தட்ட சட்டகம் முழுக்க ஃபோகஸ். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியும் பாடிக்குள்ளேயே இருப்பதால், பிறவியில் இல்லாதது இதற்கு முதுமையில் கிடைத்திருக்கிறது. 1.4 எக்ஸ்டெண்டர் போட்டால் 560 எம்.எம். எஃப்/8 ஆகும், அந்த எஃப்/8-இல் 7டி ஃபோகஸ் செய்யாது, ஆர்7 செய்யும். மூன்று பாடிகள் மாறின; ஏழு கண்ணாடிகளும் அப்படியே இருக்கின்றன. கையில் இருக்கும் காசைப் பிரிக்கும்போது லென்ஸுக்குப் பெரும்பங்கு கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

புதிதாகத் தொடங்குபவர் பழைய நானூறைத் தேடிப் பிடிப்பதானால், முன்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். அருகிலிருந்து தொலைவுக்கும் தொலைவிலிருந்து அருகுக்கும் ஃபோகஸை ஓடவிட்டு, மோட்டார் எங்காவது திக்குகிறதா என்று காது கொடுங்கள். தூரத்துப் பனைமரத்தின் ஓலை நுனியை எஃப்/5.6-இலேயே எடுத்துப் பெரிதாக்குங்கள். பழையது வேண்டாம் என்றால் கேனானின் ஆர்.எஃப். 100-400 இருக்கிறது, 635 கிராம்தான், ஆனால் 400-இல் எஃப்/8 என்பதால் விடியல் வெளிச்சத்தில் திணறும். நிக்கான்காரர்களுக்கு 500 எஃப்/5.6 பி.எஃப். ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும் அற்புதம், விலைதான் எட்டாது.

சித்தப்பாவுக்கு இப்போது தோள்பட்டை வலி. பைனாகுலரோடு நிறுத்திக்கொண்டார். வருகிற மார்கழியில் அவர் மகள் திருச்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வருகிறாள், கரைவெட்டிக்கு நானூறைக் கேட்டிருக்கிறாள். தென்னமர உச்சிச் சோதனையில் என்னைவிட அதிக நேரம் நின்றாள். ஆர்7-ஐயும் சேர்த்தே கொடுக்கப்போகிறேன், விசையை 8.5-இல் தள்ளிவைத்து.